அக்கா என்று அழைக்காத குரல்

மயிலாடுதுறையில் தனியாக வசிக்கும் என் பெரியம்மாவுக்கு 67 வயது. பெரியப்பா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன், எனக்குத் தம்பி முறை, புனேயில் வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும், கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவருக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடன் அழுகை. “அம்மா, நான்தான்மா, என் வண்டி ஒரு பையன் மேல மோதிடுச்சும்மா” என்று தம்பியின் குரல் தேம்பியது. அடுத்த நிமிடமே போன் இன்னொருவர் கைக்கு மாறியது. தன்னைப் போலீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்ட அந்த ஆள், இந்தி வாடை அடிக்கும் தமிழில், அடிபட்ட பையனின் குடும்பம் வழக்குப் போடாமலிருக்க வேண்டுமானால் மருத்துவமனைக்கு உடனே பணம் கட்ட வேண்டும் என்றும், அழைப்பைத் துண்டித்தாலோ வேறு யாரிடமாவது பேசினாலோ உங்கள் மகனை ரிமாண்டுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் கூறியிருக்கிறார்.

பெரியம்மாவுக்கு யுபிஐ தெரியும். மின்கட்டணமும் கேஸ் பணமும் கட்டுவதற்காக மகனே விடுமுறைக்கு வந்தபோது சொல்லிக்கொடுத்தது அது. முதலில் 25,000 ரூபாய் அனுப்பினார், பத்து நிமிடம் கழித்து 20,000 அனுப்பினார். மூன்றாவதாக அவர்கள் 60,000 கேட்டபோது கணக்கில் அவ்வளவு இல்லை. அழைப்பைத் துண்டிக்காமல் கைப்பேசியைக் கீரை முறத்தின் மேலேயே வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடி, அவர்களுடைய போனில் தஞ்சாவூரிலிருக்கும் என் அம்மாவை அழைத்துக் கடன் கேட்டிருக்கிறார். தங்கைக்கு அக்காவின் குரலிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. அம்மா உடனே தம்பியின் எண்ணுக்கு அழைத்தார். அவன் அலுவலக உணவகத்தில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

அன்று மதியமே இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்தோம். பணம் பறிகொடுத்தவர் சொல்லும் பரிவர்த்தனை எண்ணை வைத்து, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் அனுப்பி, கணக்கில் மிச்சமிருப்பதை முடக்கச் செய்யும் ஏற்பாடு 2021ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தால் பணம் பிழைக்க வாய்ப்பு அதிகம். நாங்கள் அழைத்தபோது இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தது. 45,000 ரூபாயில் 33,000 ஏற்கெனவே மூன்று கணக்குகளாகப் பிரிந்து வேறொரு மாநிலத்தில் ஏடிஎம் வழியாக வெளியேறிவிட்டது. மீதி 12,000 மட்டும் முடங்கி நிற்கிறது. பெரியம்மாவின் கணக்கிருக்கும் வங்கிக் கிளைக்கு மறுநாள் சென்றபோது, அங்கிருந்த அலுவலர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீங்களா அனுப்பினதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?” என்று கேட்டார். சட்டப்படி அவர் கேட்டதில் பிழை இருக்காது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு பெரியம்மா அந்தக் கிளைக்குள் கால் வைக்கவில்லை.

இது உண்மையிலேயே செயற்கை நுண்ணறிவு செய்த குரல் நகலா என்பதைத்தான் உறவினர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். நான் கணினித் துறையில் இருப்பதால் எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு. புகாரை விசாரித்த காவல்துறை அதிகாரி நிதானமானவர். அழைப்பு பதிவு செய்யப்படாததால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று நேராகவே கூறினார். அவர் சொன்னது சரிதான். செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சே இல்லாத காலத்திலும் “அம்மா, நான்தான்” என்ற அழுகையை நம்பிப் பணம் இழந்தவர்கள் உண்டு. அழும்போது எல்லோருடைய குரலும் கம்மிவிடுகிறது. மிச்சத்தைத் தாயின் மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே செய்தித்தாளில் வருகிற ஒவ்வொரு குரல் மோசடியையும் உடனே ஏஐ கணக்கில் எழுதிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம், தம்பி இரண்டு ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் பயணங்களைப் பற்றி ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறான் என்பதையும், அதில் அவன் தனியாகப் பேசும் குரல் மணிக்கணக்கில், தெளிவான ஒலிவாங்கியில் பதிவாகி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கிறது என்பதையும் நான் மறந்துவிட முடியாது.

ஒருவருடைய குரலை நகலெடுக்க இன்று எவ்வளவு பதிவு வேண்டும் என்பது பலருக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு குரலைச் செயற்கையாக உருவாக்க, அந்த மனிதர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காக வாசித்துக்கொடுக்க வேண்டும். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வால்-ஈ என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பற்றி வெளியிட்ட கட்டுரை அந்தக் கணக்கை மாற்றிக் காட்டியது. சுமார் 60,000 மணி நேர ஆங்கிலப் பேச்சைக் கேட்டுப் பயின்ற அந்த மாதிரிக்கு, முன்பின் கேட்டிராத ஒருவரின் குரல் மூன்று விநாடி கிடைத்தால் போதும். அதே குரலில் வேறு எதையும் பேசிக் காட்டும். தவறாகப் பயன்படுத்தப்படும் என்ற அச்சத்தால் மைக்ரோசாஃப்ட் அதைப் பொதுவில் வெளியிடவில்லை. ஆனால் அதே வழியில் மற்றவர்கள் செய்த கருவிகள் இன்று மாதச் சந்தாவுக்கும், சில இலவசமாகவும் கிடைக்கின்றன. பேச்சிழந்த நோயாளிகளுக்கு அவர்களுடைய பழைய குரலை மீட்டுத் தருவதும் இதே தொழில்நுட்பந்தான்.

இதில் இரண்டு வகை உண்டு, அந்த வேறுபாடு எங்கள் கதைக்கு முக்கியமானது. ஒன்று, எழுதிக்கொடுத்த வாக்கியத்தை நகல் குரலில் வாசிப்பது. மற்றொன்று, மோசடிக்காரர் தன் வாயால் பேசப் பேச, அவருடைய குரலின் நிறத்தை மட்டும் இன்னொருவரின் குரலாக மாற்றித் தருவது. இரண்டிலுமே நகலாவது குரலின் நிறமும், சில கருவிகளில் உச்சரிப்புச் சாயலுந்தான். சொற்கள் மோசடிக்காரருடையவை, வட்டார வழக்கு அவருடையது, வீட்டில் யாரை எப்படி அழைப்பது என்பதைக் கருவி சொல்லித்தராது. நகலில் இருக்கும் சின்னச் சின்னப் பிசிறுகளைத் தொலைபேசி மறைத்துவிடுகிறது, ஏனென்றால் பழைய வகைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. அதற்கும் மேல் அழுகை, வண்டிச் சத்தம், சரியாகக் கேட்கவில்லை என்ற சாக்கு.

புகார் எழுதிக்கொண்டிருந்தபோது தம்பி புனேயிலிருந்து போனில் இருந்தான். நடந்ததை முழுதாகக் கேட்டவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “என்னன்னு கூப்பிட்டான்?” பெரியம்மா சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. என் தம்பி பெரியம்மாவை ஒரு நாளும் அம்மா என்று அழைத்ததில்லை. பெரியப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல் வந்துகொண்டிருந்ததால் அவன் வளர்ந்தது தாத்தா வீட்டில். அங்கே என் அம்மாவும் சித்தியும் நாள் முழுக்க “அக்கா, அக்கா” என்று அழைப்பதைக் கேட்டு அவனுக்கும் அவர் அக்காவாகிவிட்டார். கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றாது. பெற்ற தாயை அண்ணி என்று அழைப்பவர்களையும் எனக்குத் தெரியும்.

உலக அளவில் முதன்முதலாகப் பரவலாகப் பேசப்பட்ட குரல் நகல் மோசடி 2019ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரிட்டனில் ஓர் எரிசக்தி நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்கு, ஜெர்மனியில் இருக்கும் தாய் நிறுவனத்தின் தலைவர் அழைத்து, ஹங்கேரியில் ஒரு விநியோகஸ்தருக்கு ஒரு மணி நேரத்துக்குள் 2,20,000 யூரோ அனுப்பச் சொன்னார். மேலதிகாரியின் ஆங்கிலத்தில் எப்போதும் இருக்கும் மெல்லிய ஜெர்மன் உச்சரிப்பும் பேச்சின் ஏற்ற இறக்கமும் அப்படியே இருந்ததால் அவர் சந்தேகப்படவில்லை. அனுப்பிய பணம் ஹங்கேரியிலிருந்து மெக்ஸிகோவுக்குப் போய், அங்கிருந்து பல இடங்களுக்குச் சிதறிவிட்டது. மீண்டும் பணம் கேட்டு வந்த அழைப்பு ஆஸ்திரிய எண்ணிலிருந்து வந்ததைக் கவனித்த பிறகே அவருக்கு உறைத்தது. அன்று இது ஓர் அதிசயச் செய்தி.

ஐந்து ஆண்டுகளில் அந்த அதிசயம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை ஹாங்காங் வழக்கு காட்டுகிறது. 2024 பிப்ரவரியில் ஹாங்காங் காவல்துறை இதை வெளியிட்டபோது நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. மே மாதத்தில்தான் அது ஆரூப் என்று தெரியவந்தது. சிட்னி ஓபரா மாளிகையின் கட்டமைப்புப் பொறியியலைச் செய்த அதே பிரிட்டிஷ் நிறுவனந்தான். அங்கே நிதிப் பிரிவில் இருந்த ஓர் ஊழியருக்கு, லண்டனிலுள்ள தலைமை நிதி அதிகாரியின் பெயரில், ரகசியமாக ஒரு பணப் பரிமாற்றம் செய்ய வேண்டும் என்று செய்தி வந்தது. அந்த ஊழியர் ஏமாளி அல்ல. அதைப் படித்தவுடன் மோசடி என்றே சந்தேகப்பட்டார். அதன் பிறகு அவரை ஒரு காணொளிக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். திரையில் தலைமை நிதி அதிகாரி இருந்தார், தெரிந்த முகங்கள் வேறு சிலவும் இருந்தன. சந்தேகம் போய்விட்டது. 15 தவணைகளில் ஐந்து வங்கிக் கணக்குகளுக்கு 20 கோடி ஹாங்காங் டாலர், நம் பணத்தில் 200 கோடி ரூபாய்க்கும் மேல், அனுப்பிவைத்தார். பிறகு தலைமை அலுவலகத்தில் விசாரித்தபோதுதான், அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர் மட்டுமே உண்மையான ஆள் என்பது தெரிந்தது.

இந்த வழக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது காவல்துறை பிற்பாடு சொன்ன ஒரு விவரம். அந்தப் போலி உருவங்கள் முன்கூட்டியே செய்துவைத்த பதிவுகள். பொதுவெளியில் கிடைத்த பழைய காணொளிகளிலிருந்து தயாரித்தவை. கூட்டத்தில் உண்மையான உரையாடல் எதுவும் நடக்கவில்லை. ஊழியரைத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள், உத்தரவுகளைச் சொன்னார்கள், கூட்டத்தைச் சட்டென்று முடித்துவிட்டார்கள். அவர் இடைமறித்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த நாடகம் அங்கேயே கலைந்திருக்கக்கூடும். ஆனால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும், மேலதிகாரிகள் நாலைந்து பேர் கூடியிருக்கும் கூட்டத்தில் இளைய ஊழியர் இடைமறித்துக் கேள்வி கேட்பது எவ்வளவு அபூர்வம் என்று. மோசடிக்காரர்கள் நம்பியது தொழில்நுட்பத்தைவிட அலுவலகப் பழக்கத்தைத்தான் என்பது என் எண்ணம். அவசரம், ரகசியம், பதவிக்குரிய பயம் ஆகிய மூன்றும் இந்தத் தொழிலின் பழைய முதலீடு. முகமும் குரலும் புதிதாகச் சேர்ந்தவை.

நமக்குப் பக்கத்திலேயே கோழிக்கோட்டில் 2023 ஜூலையில் நடந்தது தொகையில் மிகச் சிறியது, ஆனால் சாதாரண மனிதர்களுக்கு அதுவே அதிகம் பொருந்தும். கோல் இந்தியா நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவருக்கு, பழைய சக ஊழியர் ஒருவரின் பெயரில் வாட்ஸ்அப் செய்திகள் வந்தன. பழைய நண்பர்களைப் பற்றிப் பெயர் சொல்லி விசாரித்துவிட்டு, தான் துபாய் விமான நிலையத்தில் இருப்பதாகவும், மும்பையில் உறவினருக்கு அவசர அறுவைச் சிகிச்சைக்கு 40,000 ரூபாய் வேண்டும் என்றும் அவர் கேட்டார். இவர் தயங்கியவுடன், நம்பிக்கை வருவதற்காகக் காணொளி அழைப்பு வந்தது. முகம் மட்டும் திரை முழுக்கத் தெரிந்தது, உதடு அசைந்தது, சில விநாடிகளில் அழைப்பு முடிந்தது. பணம் போய்விட்டது. மீண்டும் 35,000 கேட்டபோதுதான் அவர் தன்னிடமிருந்த பழைய எண்ணில் நண்பரை அழைத்துப் பார்த்தார். அந்தப் பணம் ஒரு மகாராஷ்டிர வங்கிக் கணக்கில் முடக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டது. மாநிலத்தில் இவ்வகையில் பதிவான முதல் வழக்கு இது என்று கேரளக் காவல்துறை அப்போது கூறியது.

ஹாங்காங், கோழிக்கோடு ஆகிய இரண்டு வழக்கிலும் நடந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். எழுத்தில் வந்ததை இருவரும் நம்பவில்லை. முகத்தைப் பார்த்த பிறகே நம்பினார்கள். சந்தேகம் வந்தால் நேரில் பார், குரலைக் கேள், வீடியோ காலில் வரச் சொல் என்று நாமே பல ஆண்டுகளாக வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடந்தான் இங்கே அவர்களைக் கவிழ்த்தது. நானும் பெரியம்மாவிடம் அதையே சொல்லியிருக்கிறேன்: “தெரிஞ்ச குரலா இருந்தா மட்டும் பேசுங்க.”

இதே சூழ்ச்சி பலிக்காமல் போன இடங்களும் உண்டு. 2024 ஜூலையில் ஃபெராரி நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவருக்கு, தலைமை நிர்வாகி பெனடெட்டோ விக்னாவின் பெயரில் வாட்ஸ்அப் செய்திகளும் பின்னர் அழைப்பும் வந்தன. தென் இத்தாலிய உச்சரிப்பு உட்படக் குரல் பிசகாமல் இருந்தது. அந்த அதிகாரி பதற்றப்படாமல், “சில நாட்களுக்கு முன்பு எனக்கு ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்தீர்களே, அதன் பெயர் என்ன?” என்று கேட்டார். அழைப்பு உடனே துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பார்தி நிறுவனங்களின் தலைவர் சுனில் மிட்டல், தன் குரலை மோசடிக்காரர்கள் நகலெடுத்து, துபாயிலிருந்து ஆப்பிரிக்கப் பணிகளைக் கவனிக்கும் தன் அதிகாரி ஒருவரிடம் பெருந்தொகை அனுப்பச் சொன்னதாகவும், பிறகு அந்தப் பதிவைக் கேட்டபோது தானே திகைத்துப்போனதாகவும் ஒரு கருத்தரங்கில் கூறினார். அந்த அதிகாரி, தன் தலைவர் தொலைபேசியில் இப்படி ஒரு காரியத்தைச் சொல்லக்கூடியவர் அல்லர் என்பதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். காது ஏமாந்தாலும் பழகிய நினைவு ஏமாறவில்லை.

குரலையும் முகத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தமிழ் பேசுபவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு இருந்தது, அது சத்தமில்லாமல் போய்விட்டது. நம் மொழியே அந்தப் பாதுகாப்பு. இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று சில ஆண்டுகளுக்கு முன் நாடெங்கும் பரவிய குறுஞ்செய்தி பெரும்பாலும் கரடுமுரடான ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழில் எழுத முயன்றவர்களின் தமிழ் சிரிப்பை வரவழைக்கும். “அன்பான வாடிக்கையாளர், உங்கள் கணக்கு தடை ஆகிறது தயவு செய்து சொடுக்கு” என்ற வகையறா. வேற்றுமை உருபு தவறினாலே ஆள் வெளியூர் என்று தெரிந்துவிடும். இப்போது எனக்கு வருகிற மோசடிச் செய்திகளில் சந்திப்பிழை கூட இல்லை. அரசு அலுவலகக் கடிதத்தின் நடையில், “தங்களின் ஓய்வூதியக் கணக்கு தொடர்பான வாழ்வுச் சான்று இதுவரை சமர்ப்பிக்கப்படவில்லை” என்று தொடங்கிய ஒன்றைப் படித்தபோது, இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறதே, அப்படியானால் அரசு அனுப்பியதாக இருக்காது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இதற்காகவே தனியாகச் செய்த கருவிகள் இருப்பதாக 2023 ஜூலையில் பரபரப்பு எழுந்தது. ஜிபிடி-ஜே என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மொழி மாதிரியின் மேல் கட்டப்பட்ட வோர்ம்ஜிபிடி என்ற ஒன்று குற்றவாளிகளின் இணையச் சந்தையில் விற்கப்படுவதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். சில நாட்களில் மாதம் 200 டாலர் சந்தாவில் ஃபிராட்ஜிபிடி என்ற இன்னொன்றும் தென்பட்டது. எந்தத் தடையும் இல்லாமல் மோசடிக் கடிதம் எழுதித்தரும் என்பது விளம்பரம். இந்தப் பெயர்கள் உண்டாக்கிய பயம் அவற்றின் திறமையைவிடப் பெரிது என்றே நான் கருதுகிறேன். வங்கி அனுப்புவது போன்ற ஒரு நினைவூட்டல் கடிதத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னால், நீங்களும் நானும் பயன்படுத்தும் சாதாரண ஏஐ செயலியே எழுதித் தந்துவிடும். அந்தக் கடிதத்தில் குற்றம் எதுவும் இல்லை, அதன் அடியில் ஒட்டப்படும் இணைப்பில்தான் இருக்கிறது. கேட்பவருடைய உள்நோக்கத்தைக் கருவி எப்படி அறியும்?

முதலீட்டு மோசடிகளில் இது இன்னும் பச்சையாக நடக்கிறது. 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் ஒரு விளையாட்டுச் செயலியைப் பரிந்துரைப்பது போன்ற போலிக் காணொளி பரவி, அவரே எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. ஏப்ரலில் தேசியப் பங்குச் சந்தை, தன் நிர்வாக இயக்குநர் ஆஷிஷ்குமார் சௌஹான் பங்குகளைப் பரிந்துரைப்பதாக வலம்வரும் காணொளிகள் போலியானவை என்று அறிவித்தது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனின் முகத்தையும் விட்டுவைக்கவில்லை. இந்தக் காணொளி தூண்டில் மட்டுமே. அதைச் சொடுக்கியவர் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் சேர்க்கப்படுவார்; அங்கே “நேற்று 18,000 லாபம், நன்றி சார்” என்று கூவுகிறவர்கள் எல்லோரும் ஒரே கும்பல்; கைப்பேசியில் இறக்கச் சொல்லும் செயலியில் லாபம் எண்களாக ஏறிக்கொண்டே இருக்கும், எடுக்கப் போனால் வரி கட்டு என்பார்கள்.

அந்தக் கும்பலில் இருப்பவர்கள் யார் என்பதைப் பேசும்போது என் கோபம் குழம்பிவிடுகிறது. மியான்மரின் மியாவடி, கம்போடியாவின் சிஹானூக்வில் போன்ற இடங்களில் மதில் சூழ்ந்த வளாகங்களில் அடைக்கப்பட்டு, மோசடி செய்யும்படி அடித்து வேலை வாங்கப்படுகிறவர்கள் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இருக்கக்கூடும் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பி ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிப் போய், மியான்மரில் சிக்கி, 2022ஆம் ஆண்டில் மீட்கப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. இலக்கை எட்டாவிட்டால் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள் என்று திரும்பி வந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். முன்பு இப்படிப்பட்ட ஒருவர் தனக்குத் தெரிந்த மொழியில், ஒரு நேரத்தில் ஒரு சிலரிடம் மட்டுமே பேச முடியும். இப்போது மொழிபெயர்ப்புக் கருவியும் முக மாற்றுக் கருவியும் கையில் இருப்பதால், அதே ஆள் பல நாட்டவருடன் பல முகங்களில் பேசலாம். 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை பிடித்த 27 பேர் கொண்ட கும்பல், டீப்ஃபேக் எனப்படும் ஏஐ போலி முகங்கள் மூலம் அழகிய பெண்களாகத் தோன்றிக் காதல் வலை விரித்துச் சுருட்டியது சுமார் 4.6 கோடி அமெரிக்க டாலர்.

எண்களை நான் எளிதில் நம்புவதில்லை. 2023 மே மாதம் மெக்கஃபீ நிறுவனம் வெளியிட்ட கணிப்பு, இந்தியாவில் பெரியவர்களில் 47 சதவீதத்தினர் ஏஐ குரல் மோசடியைத் தாங்களே எதிர்கொண்டவர்கள் அல்லது எதிர்கொண்டவரை அறிந்தவர்கள் என்றது. பாதுகாப்பு மென்பொருள் விற்பவர்கள் பாதுகாப்பின்மையைப் பற்றி எடுத்த கணிப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அதைப் படிக்க வேண்டும். ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்த கணக்கு வேறு வகையானது: சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 2023இல் 7,465 கோடி ரூபாய், 2024இல் 22,845 கோடி ரூபாய். ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இதில் ஏஐயின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரிக்கும் அளவுக்கு வளர்ந்த, உங்களைக் கைது செய்துவிட்டோம் என்று வீடியோ அழைப்பில் மிரட்டும் டிஜிட்டல் அரெஸ்ட் மோசடிக்கு ஒரு காக்கிச் சட்டையும், சுவரில் மாட்டிய ஒரு சின்னமும், மிரட்டும் தொண்டையும் போதுமானதாக இருந்தன.

ஆகவே இந்தத் தொழிலை எங்கே பிடிப்பது என்று கேட்டால், என் பதில் வங்கிக் கணக்கில்தான். குரல் எவ்வளவு செயற்கையாக இருந்தாலும் பணம் வந்து விழும் கணக்கு உண்மையானது. அதற்கு ஆதார் உண்டு, பான் உண்டு, ஒரு மனிதரின் புகைப்படம் உண்டு. கமிஷனுக்காகத் தன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் வாடகைக்கு விடுகிறவர்களில் கல்லூரி மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் அதிகம். மியூல் அக்கவுன்ட் என்று காவல்துறை இதைச் சொல்கிறது. பெரியம்மாவின் பணம் முதலில் போன கணக்கு, ஒரு கட்டடத் தொழிலாளியின் பெயரில், ஐந்து மாதங்களுக்கு முன் தொடங்கப்பட்டது என்று விசாரணை அதிகாரி சொன்னார். மாதம் இரண்டாயிரம் கூடப் புழங்காத கணக்கில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் வந்து அரை மணி நேரத்தில் காலியாவது ஒரு வங்கிக் கணினிக்குத் தெரியாமலா போகும்? இதைக் கண்டுபிடிக்கவே ரிசர்வ் வங்கியின் துணை அமைப்பு மியூல்ஹண்டர் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. நான் இந்தச் செய்தியைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட ஆர்வமாகப் பின்தொடர்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின் கீழ் மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு; குரல் நிஜமா நகலா என்பது அந்தப் பிரிவுக்கு முக்கியமே இல்லை. பிடிபட்டால்தானே.

குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது தம்பி சிரித்தான், என் அம்மா தலையாட்டினார், பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் மயிலாடுதுறையில் கூடியிருந்த இரவு, மொட்டை மாடியில் படுக்கை விரித்துக்கொண்டிருக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார். போலீஸிடமோ வங்கியிலோ மகனிடமோ சொல்லாத ஒன்று அது. அந்தக் குரல் அம்மா என்று அழைத்ததை அவர் முதல் சொல்லிலேயே கவனித்திருக்கிறார். “தெரிஞ்சுதுடி. இவன் அப்படிக் கூப்பிட மாட்டானேன்னு ஒரு நொடி நினைச்சேன். அப்புறம், உசுருக்குப் பயந்து கூப்பிடுறான், முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவையா கூப்பிடுறான்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் அந்த ஆளு என்ன சொன்னான்னே காதுல விழல” என்றார்.

ரகசியச் சொல்லை அன்று இரவே முடிவு செய்தோம். “அக்கா” என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னான். நான் இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்பதால் அது உதவாது என்று மறுத்துவிட்டேன். பெரியம்மா வேறொன்றைச் சொன்னார், எங்கள் தாத்தா வீட்டு மாடு ஒன்றோடு தொடர்புடையது. அதை இங்கே எழுதப் போவதில்லை.